மணலியில் பெட்ரோல், மும்பையில் வட்டி: விலைவாசியை ரிசர்வ் வங்கி எப்படிப் பிடித்து நிறுத்துகிறது?

2022 மே 4, புதன்கிழமை. கத்திரி வெயில் தொடங்கிய நாள். சென்னையில் அன்று ஒரு லிட்டர் பெட்ரோல் 110 ரூபாய் 85 காசு. டீசலும் 100 ரூபாயைத் தாண்டியிருந்தது. மணலி புதுநகரிலும் அதே விலைதான். சில கிலோமீட்டர் தள்ளி, மணலியில் சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. கச்சா எண்ணெய் பெட்ரோலாக மாறுவது பக்கத்து ஊரில்தான் என்றாலும், அதற்காக இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பைசா தள்ளுபடி கிடையாது.

அன்று பிற்பகல் மும்பையில் இருந்து ஓர் அறிவிப்பு வந்தது. அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் சக்திகாந்த தாஸ், முன்கூட்டியே திட்டமிடப்படாத கூட்டத்தின் முடிவை அறிவித்தார். ரெப்போ வட்டி 4 சதவீதத்திலிருந்து 4.40 சதவீதமாக உயர்த்தப்பட்டது. விலைவாசியைக் கட்டுப்படுத்தத்தான் இந்த முடிவு என்றது ரிசர்வ் வங்கி.

மாதச் சம்பளத்தில் வீட்டுக் கடன் கட்டும் யாருக்கும் இங்கே ஒரு கேள்வி வரும். “இன்னாண்ணே இது? பெட்ரோல் வெல ஏறிச்சுன்னா பெட்ரோல் வெலையைத்தானே கொறைக்கணும்? என் லோன் வட்டியை ஏன் ஏத்துறாங்க?”

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தால், மத்திய வங்கி எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, அதற்கான செலவு யார் தலையில் விழுகிறது என்ற மூன்றுமே புரிந்துவிடும்.

முதலில், ரெப்போன்னா என்ன?

நமக்குப் பணம் தேவைப்பட்டால் வங்கிக்குப் போகிறோம். வங்கிக்கே அவசரமாகப் பணம் தேவைப்பட்டால்? ரிசர்வ் வங்கிக்குப் போகும். தன்னிடம் உள்ள அரசுக் கடன் பத்திரங்களை அடமானம் போலக் கொடுத்துவிட்டு, குறுகிய காலத்துக்குப் பணம் வாங்கும். அடகுக் கடையில் நகையை வைத்துப் பணம் வாங்குவது மாதிரிதான். அந்தப் பணத்துக்கு ரிசர்வ் வங்கி போடும் வட்டியே ரெப்போ.

ரெப்போ ஏறினால் வங்கிகளுக்குப் பணம் கிடைக்கும் செலவு ஏறுகிறது. அந்தச் செலவை அவை நம்மிடம் தள்ளிவிடுகின்றன. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு இணைத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியை மாற்றியமைக்கவும் வேண்டும். அதனால்தான் மும்பையில் எடுக்கும் முடிவு சில வாரங்களிலேயே மணலி புதுநகரில் இருப்பவரின் செல்போனுக்கு எஸ்எம்எஸ்ஸாக வந்து சேர்கிறது.

அதே மே 4 அன்று ரிசர்வ் வங்கி இன்னொரு குழாயையும் மூடியது. அதன் பெயர் சிஆர்ஆர். தமிழில் ரொக்க இருப்பு விகிதம். வங்கியில் மக்கள் போடும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 4 ரூபாயை ரிசர்வ் வங்கியிடம் வட்டியில்லாமல் வைத்திருக்க வேண்டும் என்று இருந்தது, 4 ரூபாய் 50 காசாக உயர்ந்தது. கேட்க அற்பமான 50 காசு. ஆனால் நாடு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால், வங்கிகள் கடனாகக் கொடுக்கக்கூடிய பணத்தில் சுமார் 87,000 கோடி ரூபாய் உள்ளே இழுக்கப்பட்டது.

வட்டி ஏறினால் விலை எப்படி இறங்கும்?

கடன் விலை ஏறினால் மக்கள் கடன் வாங்குவதைத் தள்ளிப்போடுவார்கள். பைக் வாங்க நினைத்தவர் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார். விச்சூரில் பட்டறை வைத்திருப்பவர் இன்னொரு லேத் மெஷின் வாங்கும் யோசனையைக் கைவிடுவார். ஏற்கெனவே கடன் கட்டுபவருக்கு இஎம்ஐ ஏறும், கையில் மிஞ்சும் பணம் குறையும், கடைத்தெருவில் செலவைச் சுருக்குவார். இன்னொரு பக்கம் எஃப்டி வட்டி ஏறுவதால், கொஞ்சம் பணம் வைத்திருப்பவர் செலவழிக்காமல் வங்கியில் போடுவார்.

எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் கையை இறுக்கிப் பிடிக்கும்போது பொருளை வாங்க முட்டிமோதும் கூட்டம் குறைகிறது. கூட்டம் குறைந்தால் விற்பவர் நினைத்தபடி விலையை ஏற்ற முடியாது. ஒரே வரியில் சொன்னால், வட்டி நேராகப் பொருளின் விலையைத் தொடுவதில்லை. வாங்குபவரின் பர்ஸைத் தொடுகிறது.

இது உடனே நடக்காது. வட்டியை ஏற்றிய பிறகு அதன் முழு விளைவு தெரியப் பல மாதங்கள், சில நேரம் ஓராண்டுக்கும் மேல் ஆகும். லோடு ஏற்றிய கன்டெய்னர் லாரியில் பிரேக் மிதித்தால் அது அதே இடத்தில் நிற்காது அல்லவா, அந்த மாதிரி. அதனால் ரிசர்வ் வங்கி இன்றைய விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. ஓராண்டு கழித்து விலை எங்கே இருக்கும் என்று கணித்து, இப்போதே பிரேக்கில் கால் வைக்க வேண்டும்.

பெட்ரோலுக்கும் தக்காளிக்கும் வட்டி மருந்தா?

இல்லை. ரிசர்வ் வங்கியும் அப்படிச் சொல்வதில்லை.

2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. மார்ச் தொடக்கத்தில் கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் 130 டாலரைத் தாண்டியது. இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. மணலியில் சுத்திகரித்தாலும் அந்த எண்ணெய்க்கு உலகச் சந்தை விலைதான். இங்கே வட்டியை 20 சதவீதமாக்கினாலும் கச்சா எண்ணெய் விலை அசையாது.

அந்த விலையை உள்ளூரில் குறைக்கும் கருவி அரசிடம் இருந்தது, அதுதான் வரி. 2022 மே 21 அன்று மத்திய அரசு கலால் வரியில் பெட்ரோலுக்கு 8 ரூபாயும் டீசலுக்கு 6 ரூபாயும் குறைத்தது. அடுத்த நாள் சென்னையில் பெட்ரோல் 102 ரூபாய் 63 காசுக்கு இறங்கியது. இதில் ரெப்போவுக்கு எந்தப் பங்கும் இல்லை.

தக்காளி கதையும் இதுதான். 2023 ஜூலையில் வரத்து குறைந்து தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, தமிழக அரசு சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. அந்த மாதம் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதமாக எகிறியது. ஆனால் ஆகஸ்ட் 10 அன்று கூடிய ரிசர்வ் வங்கிக் குழு ரெப்போவைத் தொடவில்லை, 6.50 சதவீதத்திலேயே வைத்தது. அடுத்த அறுவடை வந்தால் காய்கறி விலை தானாக இறங்கும், அதற்காக நாடு முழுக்கக் கடன்காரர்களைத் தண்டிக்க வேண்டியதில்லை என்பதே இதன் தர்க்கம்.

அப்படியானால் 2022-ல் ஏன் ஏற்றினார்கள்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. விலை ஏற்றத்துக்கு இரண்டு சுற்றுகள் உண்டு.

முதல் சுற்றில் டீசல் விலை ஏறுகிறது. இது வெளியிலிருந்து வந்து விழும் அடி.

இரண்டாவது சுற்று அதற்குப் பிறகு தொடங்குகிறது. டீசல் ஏறியதால் லாரி வாடகை ஏறுகிறது. வாடகை ஏறியதால் மளிகைக் கடையில் பருப்பும் எண்ணெயும் ஏறுகின்றன. டீக்கடைக்காரர் டீக்கு இரண்டு ரூபாய் கூட்டுகிறார். செலவு ஏறிவிட்டது என்று வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டுகிறார். தொழிலாளி சம்பள உயர்வு கேட்கிறார், கம்பெனி அதைக் கொடுத்துவிட்டுத் தன் பொருளின் விலையில் சேர்க்கிறது. இதற்குள் டீசல் விலை இறங்கியிருந்தாலும் ஓடத் தொடங்கிய சக்கரம் நிற்பதில்லை.

இந்தச் சக்கரத்தை ஓட்டுவது பெரும்பாலும் எதிர்பார்ப்பு. அடுத்த வருஷமும் எல்லாம் 8 சதவீதம் ஏறும் என்று எல்லோரும் நம்பிவிட்டால், எல்லோரும் முன்கூட்டியே 8 சதவீதம் ஏற்றி விலை சொல்வார்கள். நம்பியதாலேயே அது நடந்துவிடும்.

ரிசர்வ் வங்கி உடைக்கப் பார்ப்பது இந்த இரண்டாவது சுற்றைத்தான். விலையை இப்படியே ஓடவிட மாட்டோம், தேவைப்பட்டால் வலிக்கும் அளவுக்கு வட்டியை ஏற்றுவோம் என்று காட்டுவதுதான் ரெப்போ உயர்வின் செய்தி. 2022 ஏப்ரலில் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவீதம். எட்டு ஆண்டுகளில் இல்லாத உச்சம். அப்போது எண்ணெயோடு நிற்காமல் துணி, சோப்பு, ஹோட்டல் சாப்பாடு என்று எல்லாப் பக்கமும் விலை பரவத் தொடங்கியிருந்தது.

அதனால் வரிசையாக ஏற்றினார்கள். 2022 ஜூன் 8 அன்று 4.90, ஆகஸ்ட் 5 அன்று 5.40, செப்டம்பர் 30 அன்று 5.90, டிசம்பர் 7 அன்று 6.25, 2023 பிப்ரவரி 8 அன்று 6.50 சதவீதம். பத்தே மாதத்தில் இரண்டரை சதவீதப் புள்ளிகள். அந்த 6.50 இரண்டு ஆண்டுகள் அசையாமல் நின்றது.

4 சதவீதம் என்று யார் சொன்னது?

பணவீக்கம் எவ்வளவு இருக்கலாம் என்பதை ரிசர்வ் வங்கி தன் இஷ்டத்துக்கு முடிவு செய்வதில்லை. ரகுராம் ராஜன் ஆளுநராக இருந்தபோது, அப்போதைய துணை ஆளுநர் உர்ஜித் படேல் தலைமையிலான குழு 2014 ஜனவரியில் ஓர் அறிக்கை கொடுத்தது. பல இலக்குகளைத் துரத்தாமல், சில்லறைப் பணவீக்கத்தை 4 சதவீதத்தில் வைப்பதை முதன்மை இலக்காகக் கொள்ள வேண்டும் என்றது. 2016-ல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு இது சட்டமானது. இலக்கு 4 சதவீதம். மேலே 6, கீழே 2 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

வட்டியை முடிவு செய்ய ஆறு பேர் கொண்ட நிதிக் கொள்கைக் குழு அமைக்கப்பட்டது. ஆளுநர் உள்பட மூன்று பேர் ரிசர்வ் வங்கித் தரப்பு, மூன்று பேர் மத்திய அரசு நியமிக்கும் வெளி நிபுணர்கள். வாக்கெடுப்புதான் முடிவு. சமமாகப் பிரிந்தால் ஆளுநருக்குக் கூடுதல் வாக்கு. யார் எப்படி வாக்களித்தார், ஏன் என்பது இரண்டு வாரத்தில் பொதுவெளிக்கு வந்துவிடும்.

தோற்றால் என்ன? தொடர்ந்து மூன்று காலாண்டுகள் சராசரிப் பணவீக்கம் 6-க்கு மேலோ 2-க்குக் கீழோ இருந்தால், ஏன் தோற்றோம், எப்போது சரிசெய்வோம் என்று ரிசர்வ் வங்கி அரசுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். 2022-ன் முதல் மூன்று காலாண்டுகளிலும் பணவீக்கம் 6-க்கு மேல். அதனால் நவம்பர் 3 அன்று குழு சிறப்புக் கூட்டம் நடத்தியது. சட்டம் வந்த பிறகு இப்படி விளக்கம் எழுத வேண்டி வந்தது அதுதான் முதல்முறை. அந்த அறிக்கை மக்களுக்கு வெளியிடப்படவில்லை என்பது இன்றும் விமர்சிக்கப்படுகிறது.

வீட்டுக் கணக்கு: 3,110 ரூபாய்

இப்போது வலியை ரூபாயில் பார்ப்போம். உதாரணத்துக்கு, 20 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன், 20 ஆண்டுத் தவணை.

வட்டி 6.75 சதவீதமாக இருந்தால் மாத இஎம்ஐ சுமார் 15,207 ரூபாய். ரெப்போ ஏறிய அதே இரண்டரைப் புள்ளிகளைச் சேர்த்தால் வட்டி 9.25 சதவீதம். இஎம்ஐ சுமார் 18,317 ரூபாய். மாதம் 3,110 ரூபாய் அதிகம். ஒரு வீட்டின் மளிகை பில்லில் பெரிய பங்கு அது. விலைவாசி ஏறும் அதே மாதங்களில் இதுவும் சேர்ந்து ஏறுகிறது.

இஎம்ஐயை ஏற்றாமல் தவணைக் காலத்தை மட்டும் நீட்டினால்? அசல் இன்னும் 20 லட்சத்தை ஒட்டி இருக்கும் புதிய கடன் என்றால் அது முடியவே முடியாது. 9.25 சதவீதத்தில் முதல் மாத வட்டி மட்டுமே 15,417 ரூபாய். பழைய இஎம்ஐ அந்த வட்டிக்கே போதாது. இஎம்ஐயை 16,000 ரூபாயாக மட்டும் உயர்த்தினால் கடன் முடியச் சுமார் 36 ஆண்டுகள் ஆகும். 30 வயதில் வாங்கியவர் 66 வயது வரை கட்ட வேண்டும்.

2022-ல் பல கடன்காரர்களுக்குத் தங்கள் தவணை நீண்டது தெரியவே இல்லை. இந்தப் புகார்களுக்குப் பிறகு 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வட்டி மாறும்போது இஎம்ஐ ஏறுகிறதா, காலம் நீள்கிறதா என்று கடன்காரருக்குச் சொல்ல வேண்டும், இரண்டில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வாய்ப்புத் தர வேண்டும் என்றது.

எல்லோருக்கும் ஒரே அடியா?

இல்லை. ஒரே தெருவில் இருக்கும் நான்கு வீடுகளுக்கு ரெப்போ நான்கு விதமாக வந்து சேரும்.

வீட்டுக் கடன் வாங்கிய இளம் ஊழியருக்கு அடி உடனே விழும். மணலி ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, எஃப்டி வட்டியில் குடும்பம் நடத்தும் பெரியவருக்கு இது நல்ல செய்தி. 2021-ல் பெரிய வங்கிகளில் 5 சதவீதத்தை ஒட்டி இருந்த ஓராண்டு எஃப்டி வட்டி, 2023-ல் 7 சதவீதத்தை நெருங்கியது. நிலையான வட்டியில் லாரிக் கடன் வாங்கியவருக்குப் பழைய கடனில் மாற்றமில்லை. ஆனால் அடுத்த லாரி வாங்கப் போனால் வட்டி கூடுதல்.

நான்காவது வீடு தண்டல் பணத்தில் ஓடும் இட்லிக் கடை. 10,000 ரூபாய்க் கடன் என்று பேர், 1,000 பிடித்துக்கொண்டு கையில் வருவது 9,000, தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். இப்படி ஒரு கணக்கை எடுத்துக்கொண்டால் ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டும். ரெப்போ 4-ல் இருந்தாலும் 6.50-ல் இருந்தாலும் தண்டல்காரருக்குக் கவலையில்லை. சுயஉதவிப் பெண்கள் வாங்கும் மைக்ரோ பைனான்ஸ் கடன்களின் வட்டியும் பொதுவாக 20 சதவீதத்துக்கு மேல்.

அப்படியானால் இவர்களுக்கு ரெப்போவால் பாதிப்பே இல்லையா? உண்டு, ஆனால் அது வேறு வழியில் வரும். ஆர்டர் குறைந்தால் பட்டறையில் ஓவர்டைம் போகும். ஓவர்டைம் போனால் இட்லிக் கடையில் காலைக் கூட்டம் குறையும். கடனே வாங்காதவருக்கும் வேலை வழியாக அடி வந்து சேரும்.

இன்னொன்றும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் உள்ள மணலி புதுநகரில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அரசு 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. வீணான ஃபிரிட்ஜுக்கும் பைக்குக்கும் அது போதாமல் கடன் வாங்கியிருந்தால், ரெப்போ உச்சத்தில் இருந்த காலத்துக் கடன் அது. வெள்ளம் வந்த ஊருக்குத் தனி ரெப்போ கிடையாது. நாடு முழுக்க ஒரே மருந்து, ஒரே அளவு. இந்தக் கருவியின் பெரிய குறை இதுதான்.

ஏற்றாமல் விட்டால் என்ன ஆகும்?

பதிலுக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம், இலங்கையைப் பார்க்கலாம்.

2019 இறுதியில் இலங்கை அரசு மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது. வருமானம் சரிந்தது. பிறகு கொரோனாவால் சுற்றுலா முடங்கியது. அரசின் செலவுக்கு மத்திய வங்கி பணத்தை உருவாக்கிக் கொடுத்தது. டாலர் தீர்ந்தது, எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்றார்கள். 2022 மார்ச்சில் தமிழ்க் குடும்பங்கள் படகில் தனுஷ்கோடிக்கு வரத் தொடங்கின.

2022 ஏப்ரல் 7 அன்று பொறுப்பேற்ற மத்திய வங்கி ஆளுநர் நந்தலால் வீரசிங்க, மறுநாளே வட்டியை ஒரே அடியில் 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றினார். வங்கிகளுக்கான கடன் வட்டி 14.50 சதவீதமானது. அப்படியும் வண்டி உடனே நிற்கவில்லை. 2022 செப்டம்பரில் கொழும்பு பணவீக்கம் 69.8 சதவீதம். ஓராண்டு கழித்து, 2023 செப்டம்பரில், 1.3 சதவீதம்.

இதில் வட்டி மட்டும் வேலை செய்யவில்லை. சர்வதேச நிதியத்தின் கடன், வரி உயர்வு, மக்களின் வாங்கும் சக்தி நொறுங்கியது எல்லாம் சேர்ந்துதான் இது நடந்தது. 2023-ல் வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம், அரசுக்கு நேரடியாகப் பணம் அச்சடித்துக் கொடுப்பதைத் தடுத்தது. தாமதமாகப் போட்ட பிரேக்குக்கு அந்த மக்கள் கொடுத்த விலை, மாதம் சில ஆயிரம் இஎம்ஐயைவிடப் பல மடங்கு பெரியது.

பணவீக்கம் குறைந்தது என்கிறார்கள், டீ விலை ஏன் குறையவில்லை?

ரொம்பப் பேர் குழம்பும் இடம் இது. பணவீக்கம் என்பது விலை அல்ல, விலை ஏறும் வேகம். 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் ஓராண்டில் 7 சதவீதம் ஏறினால் 107. அடுத்த ஆண்டு பணவீக்கம் 4 சதவீதமாகக் குறைந்தால் விலை 100-க்குத் திரும்பாது, 111 ரூபாய் 28 காசு ஆகும். வேகம் குறைந்திருக்கிறது, ஆனால் வண்டி முன்னால்தான் போகிறது.

“ஏத்துன டீ வெலையை எந்தக் கடைக்காரன் தம்பி எறக்குவான்?” என்று கேட்டால், பொருளாதாரமும் அதையேதான் சொல்லும். சம்பளம் அந்த 11 ரூபாயைப் பிடிக்கும் அளவுக்கு ஏறியதா என்பதே குடும்பத்துக்கு முக்கியமான கேள்வி. அதற்கு ரெப்போவில் பதில் இல்லை.

வேகம் குறைந்ததும் பிரேக்கிலிருந்து கால் எடுக்கப்பட்டது. சஞ்சய் மல்கோத்ரா ஆளுநராக வந்த பிறகு, 2025 பிப்ரவரி 7 அன்று ரெப்போ 6.25 ஆனது. ஏப்ரலில் 6, ஜூனில் 5.50, டிசம்பர் 5 அன்று 5.25 சதவீதம். உணவுப் பொருள் விலை சரிந்ததும் ஜிஎஸ்டி குறைப்பும் சேர்ந்து, 2025 அக்டோபரில் பணவீக்கம் வெறும் 0.25 சதவீதமாக இருந்தது. நம் உதாரணக் கடனில் அந்த ஒன்றேகால் புள்ளியும் முழுதாக வந்து சேர்ந்தால் வட்டி 8 சதவீதம், இஎம்ஐ சுமார் 16,729 ரூபாய். 15,207-க்குத் திரும்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* உங்கள் கடன் ரெப்போவோடு இணைந்ததா என்று வங்கியில் கேளுங்கள். 2019-க்கு முந்தைய கடன் என்றால் பழைய முறையிலேயே இருக்கலாம். அதில் வட்டிக் குறைப்பு மெதுவாகத்தான் வந்து சேரும். புதிய முறைக்கு மாற என்ன கட்டணம் என்று கேட்டு, லாபக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

* வட்டி மாறும் தேதி எது என்று தெரிந்துகொள்ளுங்கள். ரெப்போ குறைந்த அன்றே உங்கள் வட்டி குறையாது, அந்தத் தேதியில்தான் குறையும்.

* வட்டி ஏறும்போது இஎம்ஐ மாறவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். மீதித் தவணை எத்தனை மாதம் என்று பாருங்கள். வட்டி குறையும்போது, முடிந்தால் பழைய இஎம்ஐயையே தொடர்ந்து கட்டுங்கள், கடன் சீக்கிரம் முடியும்.

* தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கி அபராதம் போட முடியாது. போனஸ் வந்தால் ஒரு பகுதியை அசலில் கட்டலாம்.

* எஃப்டி வட்டியை நம்பி இருக்கும் அப்பா, அம்மாவுக்கு இதெல்லாம் தலைகீழ். ரெப்போ குறையத் தொடங்கும்போது நீண்ட கால எஃப்டியில் போட்டால் பழைய வட்டியைப் பூட்டி வைக்கலாம்.

டீக்கடையில் கேட்ட அந்தக் கேள்விக்குத் திரும்புவோம். பெட்ரோல் விலை ஏறியதற்கு வீட்டுக் கடன்காரர் எந்த விதத்திலும் காரணமில்லை. ஆனாலும் அந்த விலை ஏற்றம் வாடகை, மளிகை, சம்பளம் என்று ஊர் முழுக்கப் பரவாமல் தடுக்க, ரிசர்வ் வங்கியிடம் இருக்கும் பெரிய கருவி வட்டிதான். அந்தக் கருவி முதலில் தொடுவது அவருடைய இஎம்ஐயை. இட்லிக் கடைக்காரரின் தண்டலை அது தொடுவதே இல்லை. தக்காளி வரத்து, எரிபொருள் வரி, வெள்ள நிவாரணம், குறைந்த வட்டியில் சிறுகடன் எல்லாம் அரசுகளின் கையில் இருக்கும் கருவிகள். அவை சரியான நேரத்தில் வேலை செய்தால், ரெப்போவை அவ்வளவு உயரத்துக்கு ஏற்ற வேண்டிய தேவையும் குறையும்.

ரிசர்வ் வங்கிக் குழு பொதுவாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது. அடுத்த முறை அந்தச் செய்தி செல்போனில் வரும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். விலை ஏறுவது முதல் சுற்றா, இரண்டாவது சுற்றா? நம் இஎம்ஐ மாறுகிறதா, மாதங்கள் மாறுகின்றனவா?